எப்போ ஆடுது, அதைச் சொல்லுங்க!

மெக்கானிக் கடையில் போய் நின்னு "அண்ணே, ஸ்டீரிங் ஆடுது"ன்னு சொல்றதும், டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை"ன்னு சொல்றதும் ஒண்ணுதான். டாக்டராவது காய்ச்சலா, வயித்து வலியா, எப்போலேர்ந்துன்னு நாலு கேள்வி கேட்பார். நம்ம ஆளு அதுகூடக் கேட்க மாட்டார். வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து, டயரை ஒரு எத்து எத்திட்டு, "அலைன்மென்ட் போயிருக்கும்பா" என்பார். நாமும் தலையை ஆட்டுவோம். பர்ஸ் ஆட்டம் காணும். ஸ்டீரிங் மட்டும் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும்!

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையன்னு தெரிஞ்சாப் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது ஒருத்தர் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி இதுதான். (கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்ககிட்ட "பிரின்டர் ஓடலை". எங்ககிட்ட இது.) ஸோ, இந்த வார மேட்டர், பழைய கார்களோட ஸ்டீரிங் நடுக்கம். கேஸ் நடந்த இடம் திருப்பாலைவனம்.

பேரைப் பார்த்துட்டு ஒட்டகம் தேடாதீங்க. பாலை மரத்தை வெச்சு வந்த பேர்னு ஊர்ல சொல்றாங்க. பொன்னேரியில் இருந்து பழவேற்காடு போற வழியில், ஏரிக்கு முன்னாடி வர்ற ஊர். ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்ம பழவேற்காடு. சுத்தி இருக்கிற குப்பங்களில் இறால், நண்டு, மடவை... இதுதான் பொழைப்பு. அந்த நண்டை வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற அண்ணன் ஒருத்தர்தான் நம்ம ஹீரோ. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார்.

அவரோட வண்டி 2008 மாடல் மாருதி 800. 1983 டிசம்பர்ல வெளிவந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்னுபோன வண்டி. அண்ணன் வண்டிக்கு 2023-ல 15 வருஷம் முடிஞ்சது. ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் அதுக்கு முந்தின வருஷம்தான் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆகியிருந்தது. அதையும் கட்டி வெச்சிருக்கார். ஏன்னா இது நண்டு வண்டி மட்டும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு தெருவில் யாருக்காவது பிரசவ வலி, பாம்புக் கடின்னா பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடுறதும் இதே வண்டிதான்.

அதுதான் எட்டு மாசமா ஆடிக்கிட்டு இருந்தது.

இந்த எட்டு மாசத்தில் மூணு கடை. வீல் பேலன்சிங் மூணு தடவை. அலைன்மென்ட் ரெண்டு தடவை. முன்னாடி ரெண்டு டயரும் புதுசு. டை ராடு எண்டு ரெண்டும் மாத்தியாச்சு. ஒவ்வொரு பில்லையும் டாஷ்போர்டுக்குள்ள பத்திரமா மடிச்சு வெச்சிருந்தார் மனுஷன். கடைசியா பார்த்தவர் சொன்னது, "ரேக்கே போச்சு. லேபரோட ஏழாயிரம் ஆகும். பேசாம காயலான் கடைக்குத் தள்ளிட்டு வேற வண்டி பாரு." ஏழாயிரத்தைப் புரட்டி வெச்சுட்டுத்தான், கடைசியா ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்னு என்கிட்ட சொன்னார்.

"அண்ணே, எப்போ ஆடுது?"

"எப்பவும்தான் தம்பி ஆடுது."

"பழவேற்காட்டுல ஏறி பொன்னேரி வர்ற வரைக்கும் ஆடுதா?"

கொஞ்சம் யோசிச்சார். "இல்ல. அந்த ரோட்டுல நாப்பதுக்கு மேல எங்க போறது? தச்சூர் கூட்ரோடு போய் ஹைவேல ஏறினாத்தான். எழுபதைத் தொட்டா கையில வந்து பேசும்."

"பிரேக் போட்டா அதிகமாகுதா?"

"பிரேக்குக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? பிரேக்கு போடாம போனாலும் ஆடும்."

"வண்டியை நிப்பாட்டி வெச்சு ஆக்ஸிலேட்டர் கொடுத்தா?"

"ம்ஹூம்."

பாதி கேஸ் இங்கயே முடிஞ்சது பாஸ்! ஏழாயிரம் ரூபாய் ரேக் மேல எனக்குச் சந்தேகம் வந்ததும் இங்கதான். ரேக் தேஞ்சு போயிருந்தா அது எழுபது வரைக்கும் பொறுமையா உட்கார்ந்திருக்காது. பழவேற்காடு ரோட்டுக் குண்டு குழியில் முப்பதுலயே 'டக் டக்'னு சத்தம் கொடுக்கும். ஸ்டீரிங்கை லேசா திருப்பினா டயர் திரும்பாம கொஞ்சம் 'லூஸ்' காட்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வர்ற நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், சுத்துற ஏதோ ஒண்ணு.

ஏன் எழுபது? கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான். மாருதி 800 டயர் 145/70 ஆர்12. ஒரு சுத்துக்கு வண்டி சுமார் 1.6 மீட்டர் நகரும். நாப்பது கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 7 தடவை சுத்தும். எழுபத்தஞ்சில் 13 தடவை. ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் எடை கூடுதலா இருக்குன்னு வெச்சுக்குங்க. எண்பது கி.மீ. வேகத்தில் அந்தத் துக்கடா 30 கிராம், சக்கரத்தை மூணரை கிலோ எடை தொங்குற மாதிரி வெளியே இழுக்கும். அதுவும் ஒரே பக்கமா இல்லை. மேல, முன்னாடி, கீழ, பின்னாடின்னு வினாடிக்கு 14 தடவை சுத்திச் சுத்தி! அதே 30 கிராம் நாப்பதில் ஒரு கிலோகூட இழுக்காது. வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு ஆகும், அவ்வளவுதான் விஷயம்.

இதோட இன்னொரு கூட்டணியும் சேருது. சக்கரம், அதைத் தாங்குற ஸ்பிரிங், ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்து ஒரு ஊஞ்சல் மாதிரி. அதுக்குன்னு ஒரு சொந்த ஆட்டம் இருக்கு. பெரும்பாலான கார்களில் அது வினாடிக்கு 10-லிருந்து 15 தடவைக்குள்ள வரும். ஊஞ்சல் ஆடுற தாளத்துக்குச் சரியா தள்ளிவிட்டா சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரமாப் போகும்ல? வினாடிக்கு 13 தடவை தள்ளுற சக்கரம் அந்தத் தாளத்தைப் பிடிச்சிருது. அதனாலதான் பல வண்டிகளில் எழுபதில் ஆரம்பிக்கிற ஆட்டம், நூறைத் தாண்டினா குறையிற மாதிரி தெரியும். (சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. தாளம் தப்புது, அவ்வளவே.)

அண்ணனுக்கு இதை விளக்க எனக்கு பிசிக்ஸே தேவைப்படலை. "வலை சுத்தின விசிறி மாதிரிதானே?"ன்னார். போட்டு இன்ஜினோட விசிறியில் ஒரு துண்டு நைலான் வலை சுத்திக்கிட்டாக்கூட போட்டு முழுக்க உதறும். இன்ஜினை ஆஃப் பண்ணி விசிறியைத் தூக்கிப் பார்ப்பாங்களே தவிர, எந்த மீனவரும் உடனே போய் இன்ஜினை மாத்த மாட்டார்!

அண்ணன் கேஸுக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி உங்க வண்டி வேற மாதிரி ஆடலாம் இல்லையா?

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் படபடன்னு அடிச்சா, டிஸ்க்கைப் பாருங்க. "டிஸ்க் வளைஞ்சு போச்சு"ன்னு கடையில் சொல்வாங்க. நிஜத்தில் பெரும்பாலும் நடக்கிறது வளைவு இல்லை, தடிமன் வித்தியாசம். ஒரு இடத்தில் கனமா, இன்னொரு இடத்தில் தேஞ்சு. தலைமுடி தடிமனைவிடக் குறைவான வித்தியாசம் போதும், கையில் தெரியும். நின்ன இடத்திலேயே ஆடினா, இன்ஜின் மவுன்டிங் ரப்பர் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஆடி, காலை எடுத்தா நின்னா, உள்பக்க சிவி ஜாயின்ட். முழு ஸ்டீரிங் ஒடிச்சுத் திரும்பும்போது 'கட கட கட'ன்னு சத்தம் வந்தா வெளிப்பக்க சிவி ஜாயின்ட். ரொம்ப நாள் ஒரே இடத்தில் நின்ன வண்டி, எடுத்த முதல் சில கிலோமீட்டர் மட்டும் ஆடி அடங்கினா பதற வேண்டாம். தரையில் அழுந்தி இருந்த டயர், சூடாகித் தன் வட்டத்துக்குத் திரும்புற ஆட்டம் அது.

டயர்னு சொன்னதும் ஞாபகம் வருது. பட்டன் நல்லா இருக்குன்னு பழைய டயரை வெச்சு ஓட்டுறவங்க நிறைய பேர். டயர் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்க எண் இருக்கும். 3218-ன்னா, 2018-ம் வருஷம் 32-வது வாரம் செஞ்ச டயர். பத்து வருஷம் தாண்டின டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டாதீங்கன்னு பெரிய டயர் கம்பெனிகளே சொல்லுது. (நம்ம பக்கத்து திருவொற்றியூர்ல 1946-ல ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செஞ்சு ஆரம்பிச்சதுதான் எம்.ஆர்.எஃப். பலூனா இருந்தாலும் டயரா இருந்தாலும் ரப்பருக்கு வயசு உண்டு!)

ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த உடனே ஸ்டீரிங் இடமும் வலமுமா துள்ளி, வேகம் குறைக்கிற வரைக்கும் நிற்கலைன்னா, இது வேற கேஸ். ஏர்போர்ட் டிராலியைத் தள்ளும்போது முன் சக்கரம் ஒண்ணு மட்டும் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுமே, அதோட கார் வடிவம். இங்கிலீஷில் இதுக்கு 'ஷிம்மி'ன்னு பேர். தோளைக் குலுக்கி ஆடுற ஒரு அமெரிக்க டான்ஸோட பேர் அது. அந்தக் காலத்தில் ரெண்டு முன் சக்கரத்தையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைச்சிருந்ததால், ஒரு சக்கரம் ஆடினா இன்னொண்ணும் கூட சேர்ந்து ஆடும். 1934-ல ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் முன் சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் தனி சஸ்பென்ஷன் கொடுத்ததுக்கு இந்த டான்ஸும் ஒரு காரணம். இப்போதைய காரில் இது வந்தா பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, வீல் பேரிங் மூணில் ஏதோ ஒண்ணு லூஸ்னு சந்தேகப்படலாம். இதுக்குக் காத்திருக்கக் கூடாது. பால் ஜாயின்ட் கழண்டா சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கும்.

பார்க்கிறது ஈஸி. பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சமதரையில் ஜாக்கி வெச்சு முன் சக்கரத்தைத் தூக்குங்க. (வண்டிக்கு அடியில் தலை போகவே கூடாது, ஜாக்கி ஜாக்கிதான்.) கடிகாரத்தில் 12, 6 இருக்கிற இடத்தில் ரெண்டு கையால் பிடிச்சு ஆட்டுங்க. 'டொக்'னு ஆடினா பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9, 3-ல ஆடினா டை ராடு எண்டு அல்லது ரேக். அண்ணன் வண்டியில் ரெண்டு பக்கமும் பார்த்தோம். கெட்டியா நின்னது. ரேக் நிரபராதி!

சரி, சுத்துற பொருள்தான் குற்றவாளி. ஆனா மூணு தடவை பேலன்சிங் பண்ணின சக்கரம் ஆச்சே? மெஷின் பூஜ்யம் காட்டின சீட்டுகூட பில்லோட இருந்தது.

முதல் வேலையா இடது பக்க முன் சக்கரத்தைப் பின்னாடியும் பின் சக்கரத்தை முன்னாடியும் மாத்தினோம். வலது பக்கமும் அப்படியே. செலவு பூஜ்யம், நேரம் முக்கால் மணி. சக்கரத்தில் கோளாறுன்னா ஆட்டமும் சக்கரத்தோட சேர்ந்து பின்னாடி போயிடணும். பின்னாடி ஆடினா கைக்குத் தெரியாது, சீட்டுக்குத்தான் தெரியும். தச்சூர் வரைக்கும் போய் ஹைவேயில் ஏறினோம். அறுபத்தெட்டு, எழுபது... வந்தாச்சு! அதே ஸ்டீரிங், அதே ஆட்டம். சக்கரம் மாறியும் ஆட்டம் இடம் மாறலை.

அப்போ சக்கரத்தில் இல்லை. சக்கரம் உட்கார்ற இடத்தில் இருக்கு.

காலேஜ் மெட்ராலஜி லேப்ல இதைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் கொடுப்பாங்க. திருப்பாலைவனத்தில் எங்களுக்குக் கிடைச்சது ரெண்டு செங்கலும் அண்ணன் பொண்ணோட பென்சிலும். இடது முன் சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரல் ஆக்கி, செங்கல் மேல பென்சிலை வெச்சு, முனை ரிம்மை ஒட்டி நிற்கிற மாதிரி நகர்த்தினோம். சக்கரத்தை மெதுவா சுத்தினா, ஒரு இடத்தில் பென்சில் உரசுது. எதிர்ப்பக்கம் வரும்போது ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அதைக் கழட்டிட்டு ஸ்டெப்னியை மாட்டினோம். அதே ரெண்டு மில்லிமீட்டர்!

ஸ்டெப்னியையும் கழட்டினா ஹப் தெரிஞ்சது. சக்கரத்தோட முதுகு சப்பையா ஒட்டி உட்காரணும்ல, அந்த முகம் முழுக்க துரு. தூள் துரு இல்லை, அப்பளம் மாதிரி செதில் செதிலா. ஒரு பக்கம் கனமா, ஒரு பக்கம் மெல்லிசா.

பழவேற்காட்டுக் காத்துல உப்பு இருக்குன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். அதில் இருக்கிற குளோரைடு, இரும்பு மேல லேசா படிஞ்சு காக்கிற படலத்தை ஓட்டை போடும். ஆன துரு, கரைஞ்ச இரும்பைவிட ரெண்டு மடங்குக்கும் மேல இடத்தை அடைக்கும். அதனாலதான் உப்பி நிக்குது. அண்ணன் வண்டி பாலத்தைத் தாண்டி, கடலோரக் குப்பங்களோட மணல் தெருவில் தினமும் போய் வர்ற வண்டி. ஓரத்தில் தேங்கின உப்புத் தண்ணியில் இறங்குறது எப்பவும் இடது சக்கரம். ஐஸ் கரைஞ்ச நண்டுத் தண்ணியும் இறக்கும்போது அந்தப் பக்கமாவே ஒழுகும்.

பேலன்சிங் மெஷினை இதில் குறை சொல்ல முடியாது. சக்கரத்தைக் கழட்டி, தன்னோட சுத்தமான ஷாஃப்ட்ல மாட்டிச் சுத்திப் பார்க்குது. அங்க சக்கரம் நேராத்தான் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து துரு மேல மாட்டினா, கால் உடைஞ்ச ஸ்டூல் மாதிரி சாஞ்சு உட்காருது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் உதிர்ந்த செதில் புதுசா ஒரு இடத்தில் சிக்கியிருக்கும். ஹப் முகத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத செதில், ரிம் ஓரத்துக்குப் போகும்போது பெருகித் தெரியும். மூணு கடையில் ஒரு கடையாவது சக்கரத்தைத் திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி ஹப்பை ஒரு துணியால் துடைச்சிருந்தா கண்ணில் பட்டிருக்கும். இது எனக்கு இன்னும் ஆறலை. டயர் ரெண்டு, டை ராடு எண்டு ரெண்டுக்கும் கொடுத்த காசு, ஒரு வாரம் நண்டு வித்த காசு.

மருந்து என்னன்னு கேளுங்க... உப்பு பண்ணின வேலைக்கு உப்புத்தாள்! முதல்ல கம்பி பிரஷ்ஷால் செதிலை உதிர்த்து, அப்புறம் உப்புத்தாள் போட்டு ஹப் முகத்தையும், ரிம்மோட உள்முகத்தையும், நட் உட்கார்ற குழிகளையும் வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும் தேய்ச்சோம். தூளைத் துணியால் துடைச்சோம். வலது பக்கமும் அப்படியே. மாட்டும்போது நாலு நட்டையும் முதல்ல கையாலேயே திருகி, அப்புறம் ஒண்ணுக்கு எதிர் ஒண்ணா, ரெண்டு மூணு சுற்றா இறுக்கணும். ஒரு நட்டை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா சக்கரம் அங்கேயே கோணும். ஐம்பது, நூறு கி.மீ. ஓடினதும் நட்டை இன்னொரு தடவை பார்த்துடணும்.

பென்சில் டெஸ்ட் மறுபடியும். ரிம்முக்கும் பென்சிலுக்கும் நடுவில் இடைவெளி மாறுதான்னு கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அரை மில்லிமீட்டர் இருந்தா அதிகம்.

தச்சூர். ஹைவே. அறுபது, எழுபது, எழுபத்தஞ்சு. அண்ணன் ஸ்டீரிங்கில் இருந்து விரலை மட்டும் லேசா தூக்கிப் பார்த்தார். எண்பது. "இன்னா தம்பி, வண்டி தூங்குது!"ன்னார். தொண்ணூறில் ஒரு சின்ன முணுமுணுப்பு மிச்சம் இருக்குன்னு எனக்குத் தோணிச்சு. நண்டை ஏத்திக்கிட்டு யார் தொண்ணூறில் போறாங்கன்னு அவர் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

கம்பி பிரஷ் வீட்டிலேயே இருந்தது. உப்புத்தாள் ரெண்டு ஷீட், நாப்பது ரூபாய். இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை சக்கரத்தைக் கழட்டித் துடைக்கிறார். வடகிழக்குப் பருவமழை மாசங்களில் மாசம் ஒரு தடவை. ரேக்குக்குன்னு புரட்டி வெச்ச ஏழாயிரத்தில் புது நண்டு வலை வாங்கியாச்சு. பழைய வலையில் நல்லா இருந்த ஒரு துண்டை வெட்டி, வண்டி டிக்கியில் பெட்டி சரியாம இருக்கக் கட்டி வெச்சிருக்கார்.